உபதேசியாரின் கழுத்துக் கட்டி

கண்டிக்கு அருகே கலகெதரப் பக்கம் மலேரியாக் காய்ச்சல் வீடு வீடாகப் புகுந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போன வருடம் அது. பஸ்தியாம்பிள்ளைக்கு மட்டும் ஒரு நாள்கூட உடம்பு சுடவில்லை. அவர் அந்தப் பகுதி வேதக்கோயில்களுக்கு உபதேசியார். பூசை வைக்கிற சுவாமி கண்டியிலிருந்து எப்போதாவதுதான் வருவார். மற்ற நாட்களில் ரப்பர் தோட்டத்துக் கூலிக்காரர்கள் குடியிருந்த லயங்களுக்கு நடந்து போய் நோயாளியின் தலைமாட்டில் முழந்தாளிட்டுச் செபம் சொல்வதும், செத்தவர்களை அடக்குவதும், இருப்பவர்களைத் தேற்றுவதும் அவர் பாடு. கணீரென்ற குரல். அழுது புரளுகிற வீட்டில் அவர் வாயைத் திறந்தால் ஒரு நிமிடம் எல்லோரும் அடங்கிப் போவார்கள்.

பள்ளிக்கூடத்தில் காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை கொடுத்தபோது, வரிசையில் நின்றவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வேலையை அவர்தான் செய்தார். மருந்து கொடுக்க வந்திருந்த டாக்டர் ராஜலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டி ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு உபதேசியாரின் கழுத்தையே பார்த்தார். அருகில் கூப்பிட்டு அமுக்கிப் பார்த்தார். எச்சிலை விழுங்கச் சொல்லிப் பார்த்தார். காதுக்குக் கீழேயும் தடவிப் பார்த்தார்.

அது ரொம்ப நாளாக இருக்கிற கழலைதான், இந்தப் பக்கத்துப் பெண்கள் பாதிப் பேருக்கு இருக்கிறது என்று பஸ்தியாம்பிள்ளை சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. கண்டிக்கு வரச் சொன்னார். அங்கே பக்கக் கழுத்திலிருந்து ஒரு சின்னக் கட்டியை வெட்டியெடுத்துக் கொழும்புக்குச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு கேட்கப் போன அன்று பஸ்தியாம்பிள்ளை மனைவி யோசப்பினைக்கூட அழைத்துப் போகவில்லை. அழைத்துப் போகிற அளவுக்கு அதை ஒரு காரியமாகவே அவர் நினைக்கவில்லை.

டாக்டர் கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"உபதேசியார், இது சாதாரணக் கழலை இல்லை. புற்று. கழுத்துச் சுரப்பியில துவங்கிப் பக்கத்துக்கும் போயிருக்கு. வெட்டி எடுக்க வேணும். உங்களிட்ட இதை ஒளிக்க நான் விரும்பேல்லை."

"நல்லதுங்க ஐயா" என்றார் பஸ்தியாம்பிள்ளை.

ஏதாவது கேட்க இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இவர், கலகெதரப் பக்கத்துக்கு மறுபடி கொயினா எப்போது வரும் என்று கேட்டார். டாக்டர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் அனுப்புவதாகச் சொன்னார்.

வெளியே வெயில் நன்றாகத்தான் அடித்தது. யோசப்பின் லாம்புச் சிமினி ஒன்று வாங்கி வரச் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. கடையில் நாலைந்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, கீறல் இல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டே வந்தார். மனசுக்குள் துக்கம் எங்காவது இருக்கிறதா என்று துழாவிப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. பயமும் இல்லை. பஞ்சை அடைத்த காது மாதிரி எல்லாமே எட்ட நின்றன.

வீட்டில் சிமினியை மேசையில் வைத்துவிட்டு, கண்ணாடி விலை ஏறிவிட்டது என்றார். பிறகு அதே குரலில், கழுத்தில் இருப்பது புற்றாம், வெட்ட வேண்டுமாம் என்றார். யோசப்பின் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் சரிந்தாள். அவள் அழுத அழுகைக்கு அக்கம்பக்கம் கூடிவிட்டது. அவர் பக்கத்தில் நின்று தண்ணீர் கொடுத்தார். யாரோ ஒருத்தியின் புருஷனுக்கு வந்த நோய்க்காக அவளைத் தேற்றுவது போலவே இருந்தது.

அடுத்த நாளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆண்டவர் தமக்குப் பிரியமானவர்களைத்தான் சோதிப்பார் என்றார்கள். தாங்க முடியாத சிலுவையை அவர் தருவதில்லை என்றார்கள். எல்லாம் அவரே அவர்கள் வீடுகளில் சொன்ன வார்த்தைகள். இரவல் வாங்கிய பாத்திரத்தைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுப்பது போல ஒவ்வொருவரும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். அவரும் தலையாட்டி வாங்கிக்கொண்டார். உள்ளே ஒன்றும் இறங்கவில்லை. உபதேசியாரின் விசுவாசத்தைப் பாருங்கள், முகத்தில் ஒரு சுணக்கம் உண்டா என்று வெளியே பேசிக்கொண்டார்கள். அது அவருக்குக் கேட்டது. கூச்சமாக இருந்தது. செபமாலையை எடுத்தால் விரல்கள் மணிகளைத் தள்ளின, வாய் பரலோக மந்திரத்தைச் சொன்னது. அவர் மட்டும் அங்கே இல்லை.

ஆப்பரேசனுக்கு நாள் குறித்த பிறகு, ஒரு மத்தியானம் அவர் தோட்டத்து லயத்துக்குப் போனார். பாலம்மாவின் புருஷன் லெட்சுமணன் காய்ச்சலில் செத்தபோது கடைசிவரை கூட இருந்தது இவர்தான். அவர்கள் கிறிஸ்தவ வேதக்காரர்கள் அல்ல. அந்த நாட்களில் அதை யாரும் பார்க்கவில்லை. வருகிற ஆள் வந்தால் போதும் என்றிருந்தது.

பாலம்மா ரப்பர் மரங்களில் பால்வெட்டு முடிந்து வந்து வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் பலகையைத் துடைத்துப் போட்டாள். நோயைப் பற்றி அவளுக்கும் தெரிந்திருந்தது. வெறுந்தேத்தண்ணியும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வலிக்கிறதா என்று கேட்டாள். அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. வலியில்லை என்றார்.

"பாலம்மா, ஒன்னு கேக்கணும். அன்னைக்கி லெட்சுமணன் போனப்ப நான் ரொம்ப நேரம் பேசுனேனே. அதுல எதாச்சும் உங்களுக்கு ஒதவுச்சா?"

அவள் வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. நீங்க பேசுனது ஒன்னும் என் காதுல விழல. ஒங்க வேட்டி ஓரத்துல சேறு அப்பியிருந்துச்சு. அதையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். தொவைச்சா போகுமா போகாதான்னு."

"அழுதீங்களா?"

"எல்லாரும் அழுதாங்க, நானும் சேந்து சத்தம் போட்டேன். கண்ணுல தண்ணி வரல. கல்லுமனசுக்காரின்னு பேசுனாங்க." முந்தானையில் கையைத் துடைத்தாள். "இன்னும் வரல ஐயா. விடிய பேரு குடுக்கப் பேரட்டுக்குப் போறேன், பால் வெட்டுறேன், புள்ளைங்களுக்குச் சோறு பொங்குறேன். வந்தா வரட்டும்."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்றார் பஸ்தியாம்பிள்ளை. டாக்டரின் அறையை விட்டு வந்த பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் சொந்த வார்த்தை அதுதான். பாலம்மா ஆச்சரியப்படவில்லை. தேத்தண்ணி ஆறுகிறது, குடியுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் யோசப்பின் ஆஸ்பத்திரிக்கு வேண்டிய துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவரோடு அவள் சரியாகப் பேசியே நாளாகிவிட்டது. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை யோசப்பின், அழவும் வரவில்லை, செபமும் வரவில்லை என்றார்.

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? மோட்சத்துக்குப் போறதுல ஒங்களுக்கு அவ்வளவு சந்தோசம்னு நெனச்சேன். என்னைய விட்டுட்டுப் போறது ஒரு பொருட்டே இல்லன்னு. வயிறெரிஞ்சுக்கிட்டு இருந்தேன்."

"அப்படியில்ல."

"அத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல."

மறுபடி அழத்தான் செய்தாள். ஆனால் அவர் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள்.

கண்டியில் கழுத்தை அறுத்துக் கட்டியை எடுத்தார்கள். நினைவு வந்தபோது குரல் இல்லை, காற்றுதான் வந்தது. சில நாள் கழித்து டாக்டர் ராஜலிங்கம் வந்து, நினைத்ததைவிட நன்றாக நடந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்தாயிற்று, கொழும்பில் ரேடியமும் வைத்துப் பார்க்கலாம், இனிமேல் வராது என்று கையடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் நம்பிக்கையோடு இருக்கலாம் என்றார். யோசப்பின் மடு மாதாவைக் கும்பிட்டுக்கொண்டாள்.

டாக்டர் போன பிறகுதான் பஸ்தியாம்பிள்ளையின் கைகள் நடுங்கத் தொடங்கின. போர்வையை இழுத்துப் பிடித்தும் நிற்கவில்லை. யோசப்பின் குளிர்கிறதா என்று கேட்டாள். அவர் தலையை அசைத்தார். உதடு அசைந்தது. கேட்கவில்லை. அவள் குனிந்து காதை வாயருகே கொண்டுபோனாள்.

"பயமாருக்கு."

நல்ல செய்தி வந்த பிறகு இப்போது எதற்குப் பயம் என்று அவள் கேட்கவில்லை. கட்டில் ஓரத்தில் ஏறி உட்கார்ந்து, அவர் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள். நோயாளியின் கட்டிலில் உட்காரக்கூடாது என்று தாதி வந்து சிங்களத்தில் கண்டித்தாள். யோசப்பின் எழுந்திருக்கவில்லை.