பத்துக்கு எத்தனை

டாக்டரம்மா வலிக்கு மார்க் போடச் சொன்னதும் செல்லாத்தாள் திரும்பிப் புருசன் முகத்தைத்தான் பார்த்தாள்.

"ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்கம்மா. ஒண்ணுன்னா லேசான வலி, பத்துன்னா தாங்கவே முடியாத வலி. இப்ப எவ்வளவு இருக்கும்?"

ஆறுச்சாமி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மடியிலிருந்த மஞ்சப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுதிய பிள்ளையின் தகப்பனைப் போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மேஜைமேல் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் விரிந்து கிடந்தது. போன வருஷம் எகிறிப் போயிருந்த அளவெல்லாம் இறங்கிவிட்டது என்று டாக்டரம்மா பேனாவால் தட்டித் தட்டிக் காட்டியிருந்தாள். மகள் சண்முகப்ரியாவின் வயதுதான் இருக்கும் அவளுக்கு. ஒவ்வொரு தடவையும் பேரை ஞாபகம் வைத்துக் கூப்பிட்டு, விரல் முட்டிகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, "சாப்பிட்டீங்களா" என்று கேட்கிறவள். இவ்வளவு பாடுபட்ட பெண்ணிடம் போய்ப் பெரிய நம்பரை எப்படிச் சொல்வது? விருந்துக்குப் போன வீட்டில் குழம்புக்கு உப்புப் போதவில்லை என்று சொல்கிற மாதிரி இருந்தது செல்லாத்தாளுக்கு.

"ஒரு ரெண்டு, மூணு இருக்குமுங்க" என்றாள். "பரவாயில்லீங்க."

"வெரி குட். வலி அடங்கலைன்னா அடுத்து ஊசிக்குப் போகலாம்னு நெனச்சிருந்தேன். தேவைப்படாது போல. இதே மாத்திரையவே தொடர்ந்து போடுங்க."

அவ்வளவுதான். ஊசி என்று ஒன்று இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். தெரிந்த அதே மூச்சில் அது இல்லையென்றும் ஆகிவிட்டது. வாயைத் திறந்து "இல்லீங்க, பொறுங்க" என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் ஆறுச்சாமி எழுந்து கும்பிட்டுவிட்டார்.

முடக்குவாதம் என்று பேர் வைத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வார மாத்திரை, திங்கட்கிழமை முழுக்கக் குமட்டல், செவ்வாய்க்கிழமைதான் சோறு சோறாகத் தெரியும். வீக்கம் வற்றியது உண்மைதான். முன்பு விரல்கள் பழுத்த வாழைப்பழமாகத் தொங்கிய காலத்தில் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஐயோ என்றார்கள். இப்போது கை பார்க்கக் கையைப் போலவே இருக்கிறது. வலி மட்டும் வெளியே தெரியாத இடமாகப் பார்த்து உள்ளே குடிபோய்விட்டது. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்குவதற்கு வெந்நீரும் பொறுமையும் வேண்டும். தண்ணீர்க் குழாயை முழங்கையால் திறக்கிறாள். ரவிக்கைக்குக் கொக்கி போய்ப் பிரஸ் பட்டன் வந்துவிட்டது. புடவைக் கொசுவத்தை வயிற்றில் செருகி முடிப்பதற்குள் ஒருநாள் வேலை செய்த அசதி வந்துவிடும். இதையெல்லாம் ஆரம்பத்தில் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ஒரே சங்கதியை எத்தனை நாளைக்குச் சொல்வது? கேட்கிறவர்களுக்குச் சலிக்கும் முன்பே சொல்கிறவளுக்குச் சலித்துவிட்டது. மகளுக்கு ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பினால் "சூப்பர்ம்மா" என்று பதில் வருகிறது. சூப்பர் என்றானபிறகு அங்கேயும் என்ன சொல்ல?

ஆஸ்பத்திரிப் படியில் நின்றே ஆறுச்சாமி போனை எடுத்தார். "மருதாசலமுங்களா? ஆறுச்சாமி பேசறனுங்க, மதுக்கரையிலிருந்து. என்ற ஊட்டுக்காரிக்கு நல்லாப்போச்சுங்க. ரிப்போர்ட்டெல்லாம் சுத்தம். இன்னிக்குச் சாயந்தரம் கறக்கற நேரத்துக்கு வந்தர்றோமுங்க."

மாடு பார்க்கப் போகிறோம் என்று செல்லாத்தாளுக்குப் புரிந்தது. மாட்டைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருந்தது தெரியும். இன்றைக்கே என்பது தெரியாது.

அவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. விரல்கள் வீங்கின புதிதில், வீட்டிலிருந்த இரண்டு கறவைகளையும் விற்றது அவர்தான். "மாடு போனாப் போகுது, நீ எந்திரிச்சு நடந்தாப் போதும்" என்று சொல்லி டெம்போவில் ஏற்றி அனுப்பிவிட்டு, மாட்டுக்கொட்டகைப் பக்கமே கொஞ்சநாள் போகாமல் இருந்தார். பிறகு அதில் தேங்காய் மட்டையைப் போட்டு அடைத்தார். போன வாரம் அவளிடம் சொல்லாமல் அந்த மட்டையை எல்லாம் அள்ளி வெளியே போட்டுக் கூட்டிவிட்டிருந்தார். அவருக்கு மாடு வேண்டியது பாலுக்காகக்கூட இல்லை. கொட்டகையில் மறுபடி மாடு நின்றால் பெண்டாட்டி பிழைத்துவிட்டாள் என்று அர்த்தம். ஊருக்கும் அதுதான் அர்த்தம்.

"ஏனுங்க, மிசினு வாங்கிக்கலாமுங்களா? எல்லாரும் இப்ப மிசின்லதான கறக்கறாங்க" என்று வண்டியில் ஏறும்போது கேட்டுப்பார்த்தாள்.

"ஒத்த மாட்டுக்கு எதுக்கு அம்மிணி மிசினு? உன்ற கைக்கு எந்த மாடும் பால உட்டுரும். மிசினாவது மண்ணாவது."

கையைப் புகழ்ந்துவிட்டார். அதற்குமேல் என்ன பேசுவது? எக்ஸெல் வண்டியின் பின்கம்பியை விரலால் பிடிக்க முடியாததால் முழங்கையை அவர் இடுப்பில் மாட்டிக்கொண்டாள். பேரூர் தாண்டித் தொண்டாமுத்தூர் ரோட்டில் வேகத்தடைகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு "மெதுவாங்க" தொண்டைவரை வந்து திரும்பிப் போனது. அவர் விசில் அடித்துக்கொண்டு ஓட்டினார். அவர் விசிலடித்து அவள் கேட்டு ரொம்பக் காலம் ஆயிற்று.

மருதாசலத்தின் தோட்டம் மலையடிவாரத்தை ஒட்டி இருந்தது. கொட்டகைக்குப் பக்கத்தில் சோளத்தட்டுப் போர் சரிந்து, மிதிபட்டு, பாதிக்குமேல் மண்ணோடு கிடந்தது. "முந்தாநேத்து ஆனை வந்துபோட்டுதுங்க" என்று மழை பெய்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார் மருதாசலம். "தீவனமே இல்லைங்க. வெலைக்கு வாங்கிப் போட்டுக் கட்டுப்படியாகாது. இல்லாட்டி இந்த மாட்டை நாங்க எதுக்குங்க குடுக்கறோம்?" அவர் மனைவி கீதா செவலை மாட்டின் கழுத்துக்கடியில் கையை விட்டுத் தடவிக்கொண்டே நின்றாள்.

கறவை மாட்டை யாரும் வாய்ப்பேச்சை நம்பி வாங்குவதில்லை. வாங்க வந்தவர்கள் தங்கள் கையாலேயே கறந்து பார்த்த பிறகுதான் விலைப் பேச்சு. மருதாசலம் வாளியைக் கழுவி நீட்டினார். ஆறுச்சாமி அதை வாங்கி, கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்கிற முகத்தோடு செல்லாத்தாளிடம் கொடுத்தார்.

கீதா கன்றை அவிழ்த்துவிட்டாள். அது முட்டி முட்டிக் குடித்ததும் மடி சுரந்து திமிறியது. கன்றை இழுத்துக் கட்டிவிட்டு, காம்பில் தடவ விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை வைத்தாள். செல்லாத்தாள் குந்தி உட்கார்ந்தாள். முழங்கால் இரண்டும் சுரீரென்றது. அது பெரிதில்லை. மாட்டின் விலாவில் நெற்றியைச் சாய்த்ததும் அந்தச் சூடும் வாசமும் வந்து, ஒரு நிமிஷம் எல்லாம் சரியாகிவிட்டது போலத்தான் இருந்தது. கை தானாகவே போய்க் காம்பைப் பிடித்தது. கட்டைவிரலை மடக்கி, மேலிருந்து கீழாக ஒவ்வொரு விரலாக இறுக்க வேண்டும். முதல் பீச்சு வாளியில் சர்ரென்று விழுந்தது. இரண்டாவது. மூன்றாவது. நான்காவதில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கம்பியைக் காய்ச்சி இழுத்த மாதிரி வலி ஓடியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். விரல்கள் காம்பைச் சுற்றி இருந்தன, ஆனால் இறுகவில்லை. பால் நூலாக வந்தது. பிறகு சொட்டாக வந்தது. பிடி தெரியாத கை என்று மாட்டுக்கும் புரிந்துவிட்டது. காலை மாற்றி வைத்தது. பாலை மேலே ஏற்றிக்கொண்டது.

வாளியின் அடிகூட நிறையவில்லை. ஆறுச்சாமி எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, வேளைக்கு ஆறு லிட்டருக்குக் கொறையாதுன்னு சொன்னீங்க?"

"இருக்குமுங்க. புது ஆளுன்னு அடக்குதாட்ட இருக்குது."

"என்ற ஊட்டுக்காரி கைக்கு அடக்குற மாட்ட நான் பாத்ததில்லீங்க" என்றார் ஆறுச்சாமி. குரல் மரியாதையாகத்தான் இருந்தது. அதனாலேயே அது அதிகமாகக் குத்தியது. "கையில கொறையிருக்க வாய்ப்பில்லை. பாலு வத்தின மாட்டத் தலையில கட்டப் பாக்கறீங்களோன்னு எனக்குத் தோணுதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

மருதாசலத்தின் முகம் கறுத்துவிட்டது. கீதா மாட்டின் கழுத்திலிருந்து கையை எடுத்தாள்.

"காலையில நான்தான் கறந்தனுங்க. பொய் சொல்லி விக்கோணும்னு எங்களுக்கு என்னங்க வந்துது?"

செல்லாத்தாள் குந்தியபடியே இருந்தாள். வெட்கங்கெட்ட ஒரு நிம்மதி முதலில் வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பேசாமல் இருந்தால் போதும். மாடு வேண்டாமென்று இவரே எழுந்துவிடுவார். வண்டியில் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம். கொட்டகையில் மறுபடி மட்டை விழும். யாரிடமும் எதையும் சொல்லவேண்டியதில்லை. ஆனால் நாளைக்கே இந்த வட்டாரம் பூராவும் கறவை வற்றிய மாடு என்று பேச்சு போகும். அப்புறம் இதை வாங்க வருகிறவன் கறவைக்கு வரமாட்டான், கறிக்கு வருவான். அடுத்த வாரம் இவர் வேறொரு தோட்டத்தில் இவளை வேறொரு மாட்டுக்குக் கீழே உட்காரவைப்பார். அங்கேயும் மாடுதான் கெட்ட பேர் வாங்கும். எத்தனை மாட்டைப் பொய்யாக்குவது? அலுப்பாக இருந்தது. வலியைவிட அந்த அலுப்புதான் அவளைப் பேச வைத்தது.

"மாட்டுமேல ஒரு கொறையுமில்லீங்க" என்றாள், வாளியைப் பார்த்துக்கொண்டே. "என்ற கைதானுங்க முடியறதில்ல."

கன்று கயிற்றை இழுத்துக் கத்தியது.

"நல்லாப்போச்சுன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல" என்றார் ஆறுச்சாமி. கோபமில்லை. கையிலிருந்ததை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி நின்றார்.

"நான் சொன்னதத்தானுங்க அவங்க சொன்னாங்க."

எழுந்திருக்கத் தரையில் கையை ஊன்ற முடியாமல் அவள் தவித்ததைப் பார்த்துக் கீதாதான் ஓடிவந்தாள். அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, "வாங்கக்கா" என்று பக்கத்திலிருந்த தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்காரவைத்தாள். திரும்பிப் போய்க் கன்றை மறுபடி கொஞ்சம் ஊட்டவிட்டு, இழுத்துக் கட்டிவிட்டு உட்கார்ந்தாள். சர்ர், சர்ர் என்று இரண்டு கையும் மாறி மாறி ஓடத் தொடங்கியது. மருதாசலம் சரிந்த தட்டுப் போரை அடுக்குகிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டார்.

ஆறுச்சாமி வந்து தொட்டி விளிம்பில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மலைமேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மாட்டை வாங்குவதா வேண்டாமா என்று அவர் பேசவில்லை. அவள் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"டாக்டரம்மா கேட்டாங்கல்ல அம்மிணி. பத்துக்கு எத்தனை? நெசத்துக்குச் சொல்லு."

பரவாயில்லீங்க என்பது பழக்கத்தில் நாக்குவரை வந்துவிட்டது. செல்லாத்தாள் அதை விழுங்கினாள். எண்ணைச் சொல்லத்தான் பார்த்தாள். வாய் வரவில்லை, கை வந்தது. இரண்டு கைகளையும் மடியிலிருந்து எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். விளக்கெண்ணெயும் பால்நுரையும் பூசிக்கொண்டு, விரிக்கவும் முடியாமல் மடக்கவும் முடியாமல், நின்ற இடத்தில் நின்ற விரல்கள்.

அவர் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து, அதன் நுனியால் ஒரு விரலைத் துடைத்தார். அழுத்தலாமா கூடாதா என்று தெரியாமல் நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த விரலுக்குப் போனார். அவர்களுக்குப் பின்னால் வாளியில் பால் விழும் சத்தம் தகரச் சத்தமாக இருந்தது, நுரை ஏற ஏறத் தணிந்துகொண்டே வந்தது.