முதல் முடி

இந்தக் காலத்தில் எவனும் நேரில் வருவதில்லை. கல்யாணமா, போனில் முகத்தைக் காட்டுகிறான். சாவா, போனில் அழுகிறான். அழுது முடித்ததும் பெருவிரலால் ஒரு தேய்ப்பு, அதோடு உறவு தீர்ந்தது. என் மகன் வெற்றிசெல்வனும் அந்த ரகம்தான். கேரளாவில் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை. அவன் அக்கா சந்திரலேகா தை மாதம் மஞ்சள் காமாலையில் செத்தபோது மட்டும் வந்தான். மண்ணைத் தள்ளிவிட்டு மறுநாள் முதல் ஜீப்பில் மலையிறங்கிப் போனான். அவள் புருஷன் எலவனாசூர்கோட்டைக்காரன், அதற்கு முந்தின வருஷமே எங்கேயோ போய்விட்டவன். மிஞ்சியது நானும், சந்திரலேகாவின் மகள் தனுஷாவும். அவளுக்கு நாலரை வயது.

தனுஷாவின் தலையில் அதுவரை கத்தி பட்டதில்லை. பிறக்கும்போது கொடி சுற்றிக்கொண்டு நீலம் பாரித்து வந்தாள். பிழைத்தால் ஐந்தாம் வயதில் முதல் முடியைக் குலசாமிக்குத் தருகிறேன் என்று சந்திரலேகா வேண்டிக்கொண்டாள். எங்களில் முதல் முடியைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் இறக்க வேண்டும். மாமன் மடி இல்லாமல் இறக்கினால் அது சாமிக்குக் கொடுத்தது ஆகாது, வெறும் குப்பை. அதுவரை ஒரு மயிரைக்கூட வெட்டக்கூடாது.

பிள்ளைக்கு முடி இடுப்பைத் தொட்டது. ஆத்தாக்காரி இருந்தவரை அது ஒரு பேச்சாகவே இல்லை. சாயங்காலம் எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்துப் பின்னிவிடுவாள். என் கண்ணெதிரில்தான் நடந்தது. எப்படிச் செய்தாள் என்று நான் பார்த்ததில்லை.

மாசி முழுக்கக் கையால் ஒதுக்கி ஒரு ரப்பர் போட்டுவிட்டேன். பங்குனியில் சீப்பு இறங்கவில்லை. உச்சியில் குத்தி இழுத்தேன். கத்தினாள். இன்னும் இழுத்தேன். சீப்பில் இரண்டு பல் போனது. அதற்கப்புறம் சீப்பைக் கண்டாலே ஆட்டுக் கொட்டகைக்குள் ஓடி ஒளிந்தாள். அழுகிற பிள்ளையை எதற்குப் படுத்துவது, மாமன் வந்து முடியை இறக்கினால் சிக்கும் அதோடு போயிற்று என்று விட்டுவிட்டேன்.

சித்திரையில் பாலவாடி டீச்சர் ராதிகா வீட்டுக்கே வந்தாள். கச்சிராயபாளையத்துப் பெண், தினமும் பஸ் ஏறி மலைக்கு வருகிறவள். கீழேயிருந்து வருகிறவர்களிடம் நான் அதிகம் வைத்துக்கொள்வதில்லை. நம்மைப் பற்றி எதையாவது எழுதிக்கொண்டு போகத்தான் வருகிறார்கள்.

"இன்னா தாத்தா இது? புள்ள தலையா, குருவிக் கூடா?"

"நீ வந்த வேலையப் பாரும்மா."

"இதான் வந்த வேலை. பக்கத்துல குந்துற புள்ளைங்களுக்கெல்லாம் பேன் ஏறுது. வாடி செல்லம், டீச்சர் கிட்ட குந்து."

கையோடு கொண்டுவந்த தேங்காய் எண்ணெயை அரை பாட்டில் ஊற்றினாள். பிள்ளையைத் தன் முழங்கால் நடுவில் இருத்திக்கொண்டாள்.

"பாத்துக்கோங்க தாத்தா. மேல இருந்து இழுக்கக் கூடாது. அடிமுடிய இந்தக் கையில இறுக்கிப் புடிச்சிக்கணும், அப்ப தோலுக்கு வலிக்காது. நுனியில ஆரம்பிச்சி, கொஞ்சம் கொஞ்சமா அவுத்துக்கினே மேல வரணும்."

பிள்ளை அழவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் காதோரம் ஒரு கைப்பிடி முடி விட்டுக்கொடுத்தது. பின்னந்தலைக்குப் போனதும் ராதிகாவின் கை நின்றது. அங்கே முடி நனைந்த கம்பளி மாதிரி ஒரே தகடாகப் படிந்து கிடந்தது. குனிந்து மோந்து பார்த்தாள்.

"உள்ள புண்ணு இருக்குது தாத்தா. நாத்தம் அடிக்குது. இத சிக்கெடுக்க முடியாது. இந்த எடத்த மட்டும் வெட்டிடலாம், கத்திரிக்கோல் வச்சிக்கினுதான் இருக்கேன்."

"வெட்டுனா கைய ஒடைப்பேன்."

"மாமங்காரன் எப்ப வர்றாரு?"

"வைகாசியில."

"அதுவரைக்கும் புண்ணு சும்மா குந்திக்கினு இருக்குமா?"

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். எண்ணெய்க் கையோடு அவள் வெளியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

அன்றைக்கே டவர் கிடைக்கிற பாறையில் ஏறி நின்று மகனுக்குப் போன் போட்டேன்.

"தோட்டத்துக்குத் தண்ணி கட்டுற நேரம்ப்பா. லீவு குடுக்க மாட்றானுங்க. ஆடியில கண்டிப்பா வரேன்."

"வைகாசின்ன?"

"ஆடிப்பா. புண்ணு இருந்தா வெட்டிடு. மாமன் நானே சொல்றேன், அப்பறம் இன்னா?"

"மடிக்கு எங்கடா போறது?"

"வீடியோ கால் போடு. போன மடியில வச்சி அது மேல புள்ளய குந்த வை. நான் பாத்துக்கினு இருக்கேன்."

"போன் மேல குந்த வச்சா நீ இன்னாத்தடா பாப்ப?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் போனை அணைத்தேன்.

வைகாசியில் தலையணையெல்லாம் பேன். பிள்ளை தூங்காமல் சொறிந்தாள். நகத்தில் ரத்தம் வந்தது. முடியைத்தான் தொடக்கூடாது, பேனைக் கொல்லலாமே என்று நினைத்தேன். ஆட்டுக்கு உண்ணி வந்தால் நாங்கள் மண்ணெண்ணெய்தான் தடவுவோம். பழைய ரேஷன் பாட்டிலில் கொஞ்சம் கிடந்தது. பிள்ளையை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு பின்னந்தலையில் ஊற்றினேன். ஒரு சத்தம் போட்டாள். அப்புறம் வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. அடங்கிவிட்டாள் என்று நினைத்துத் துண்டால் இறுக்கிக் கட்டினேன். உச்சிப்பொழுதில் அவிழ்த்தபோது கழுத்துத் தோல் துண்டோடு வந்தது.

மூன்றாம் நாள் காய்ச்சல். தலையைச் சுற்றி ஈ. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜீப் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி இடுக்கியால் அந்தத் தகட்டின் ஓரத்தை மெல்லத் தூக்கினாள். அடியில் வெள்ளையாக நெளிந்தது. புழு. அந்தப் பெண் இடுக்கியை வைத்துவிட்டு வெளியே போனாள். வாந்தி எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். பிளேடோடு வந்தாள்.

"முடிய எடுக்கணும் பெரியவரே. இதுல ஒரு கைநாட்டு வைங்க."

"மாமன் வரணும்."

"யாரு?"

"புள்ளைக்கு மாமன். அவன் மடியில வச்சித்தான்..."

"மாமன் வர்றதுக்குள்ள புள்ள போயிடும். வைங்க."

வைத்தேன். என் மகள் வேண்டிக்கொண்டதை என் கட்டைவிரலால் அழித்தேன். ஆஸ்பத்திரி ஆள் ஒருவன் பிள்ளையின் தோளை அமுக்கிக்கொண்டான், நர்ஸ் மழித்தாள். முடி இழை இழையாக விழவில்லை. உரித்த ஆட்டுத்தோல் மாதிரி ஒரே துண்டாகக் கழன்று வந்தது.

"அத எங்கிட்ட குடுத்துடும்மா."

"எதுக்கு?"

"சாமிக்கு."

அவள் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள். "புழு வச்சதெல்லாம் வெளிய குடுக்க மாட்டோம். எரிச்சிடுவாங்க." வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள். "ஒரு மாசம் முன்னாடி வெட்டியிருந்தா ஒண்ணுமே இல்ல பெரியவரே."

ஊசி போடத் தெரிந்தவளுக்கு எல்லாம் தெரியும் என்று யார் சொன்னது?

பதினொரு நாள் கட்டிலில் கிடந்து பிழைத்தாள். பின்னந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு, பளபளவென்று. அந்த இடத்தில் இனி முளைக்காது என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆடியில் வெற்றிசெல்வன் வந்தான். புதுச் சட்டை, பிள்ளைக்கு ஒரு பாவாடை. எல்லோருமாகக் குலசாமி கோவிலுக்குப் போனோம். ராதிகாவும் வந்திருந்தாள். தனுஷா தலையில் சாமைப் பயிர் முளைத்த அளவுக்குத்தான் முடி. அதை இறக்கப் போகிறார்களாம்.

பிள்ளை இரண்டே தடவை பார்த்த மாமன் மடியில் அழாமல் போய் உட்கார்ந்தாள். கத்தி வைக்கும்போது தலை ஆடக்கூடாதே என்று பிடித்துக்கொள்ளக் கிட்டப் போனேன். என் நிழல் விழுந்ததும் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள்.

"தாத்தா வேணாம். தாத்தா வேணாம்."

பூசாரி வேடியப்பன் என்னைப் பார்த்தான். "நீ தள்ளிப் போய் நில்லு மாயவா."

தள்ளி நின்றேன். என் இடத்தில் ராதிகா உட்கார்ந்து தாடையைப் பிடித்துக்கொண்டாள். மஞ்சள் தண்ணீர் தெளித்து, தழும்பை ஒதுக்கிவிட்டு மற்ற இடத்தில் கத்தியை ஓட்டினார்கள். இலையில் விழுந்தது ஒரு சிட்டிகை. மூக்குப்பொடி அளவு.

"இவ்ளோதானா?" என்றேன்.

"இவ்ளோதான். சாமி ஏத்துக்கிச்சி" என்றான் வேடியப்பன்.

"இடுப்பு வரைக்கும் இருந்த முடிடா. அத எரிச்சிட்டானுங்க. இது இன்னா கணக்கு?"

"சாமி முடிய வச்சிக்கினு இன்னா பண்ணப்போவுது? மனசு இருந்தா போதும்யா. மாமன் மடிகூட நாமளா வச்சிக்கினதுதான். மாமனே இல்லாதவன் இன்னா பண்ணுவான், புள்ளைக்கு மொட்டை போடாம உட்டுடுவானா?"

"நான் அன்னிக்கே போன்ல சொன்னேன்ல?" என்றான் என் மகன்.

ராதிகா பிள்ளையின் கழுத்தில் ஒட்டிய முடியைத் தட்டிவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை.

வேடியப்பன் சொல்வது நிஜமென்றால் சித்திரையில் அவள் கத்திரிக்கோலுக்கும் சாமி சரி என்றுதான் சொல்லியிருக்கும். அப்படியானால் அந்த மண்ணெண்ணெய் எதற்கு, அந்தப் புழு எதற்கு? அப்படி இருக்கவே முடியாது. வேடியப்பன் பொங்கலுக்கும் கோழிக்கும் பேசுகிறவன். யார் வந்து நின்றாலும் சாமி ஏற்றுக்கொண்டது என்றுதான் சொல்வான். இதுவரை ஒருத்தருக்காவது இல்லை என்று சொல்லியிருக்கிறானா?

இலை போட்டுவிட்டுச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினேன். மேலே பிள்ளை எதற்கோ சிரித்தாள். வேடியப்பன் சொன்னதை நான் நம்பவில்லை. எப்படி நம்புவது?