நன்றி சொல்லும் கம்பெனி

காலையில் மெஷினைப் போடுமுன் ஆளுக்கொரு நன்றி சொல்ல வேண்டும் என்பது எங்கள் பனியன் கம்பெனியின் புதுச் சட்டம். மேனேஜர் குமாரசாமி ஏதோ வீடியோ பார்த்திருக்கிறார். நன்றி சொன்னால் மனசு லேசாகுமாம், புரொடக்சனும் கூடுமாம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் முடித்தவள் நான். அதனால் மைக்கை நீட்டும் பெருமை எனக்கு. பி.காம். வீண்போகவில்லை.

என் அம்மா ராமுத்தாய் அங்கேயே செக்கிங்கில் நிற்கிறாள். ஷிப்மென்ட் நெருங்கினால் பெண்கள் பாத்ரூமைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார் சூப்பர்வைசர் அப்புசாமி. கேட்கக் கூசி அடக்கி அடக்கி, அம்மாவுக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும். இன்னும் அடக்கினால் கிட்னிக்கு ஆபத்து என்றார் டாக்டர். நான் போய் முறையிட்டதற்கு, "குறையே பேசாதீங்க கண்ணு, நல்லதப் பாருங்க" என்றார் குமாரசாமி.

நல்லதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரம்மாவும் வந்தார். எங்கள் பனியனை மொத்தமாக வாங்கும் பையர். நன்றி நேரம் என்றதும் ஆசையாக முன்னால் உட்கார்ந்தார். மொழிபெயர்க்க நான்.

ஃபேனுக்கு நன்றி, முருகனுக்கு நன்றி என்று நல்லபடியாகத்தான் போனது. அம்மா முறை வந்தது. நன்றி என்றால் நிஜமாகவே நன்றி என்று நினைக்கிற பிறவி அவள்.

"மேனேஜரய்யாவுக்கு நன்றி. நேத்து கெஞ்சிக் கேக்கவும் பாத்ரூம் சாவியக் குடுக்கச் சொன்னாக. அவுக நல்லா இருக்கணும்."

"எனக்குக் குடுக்கலியேக்கா! எப்படிக் கெஞ்சுன? எனக்கும் சொல்லிக் குடு" என்றது பின்வரிசை. ஒரே சிரிப்பு.

என்ன சொல்கிறார்கள் என்று பையர் கேட்டார். குமாரசாமி என் காதருகே குனிந்தார்.

"பீரோ சாவின்னு சொல்லுங்க கண்ணு. அம்மாளும் நீங்களும் இங்கதானுங்களே வேலை பாக்கறீங்க."

மிரட்டலுக்கும் 'ங்க' போடுகிற மரியாதை எந்த ஊரில் வரும்! நான் அம்மா சொன்னதைச் சொல்லுக்குச் சொல் இங்கிலீஷில் சொன்னேன். கெஞ்சியதைக்கூட விடவில்லை.

பையர் சிரிக்கவில்லை. எழுந்து, அந்தக் கதவைக் காட்டச் சொன்னார்.

மத்தியானத்துக்குள் பூட்டைக் கழற்றிவிட்டார்கள். நன்றி நேரத்தையும் நிறுத்திவிட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏன்டி, மனுசன நடுச்சபையில நிறுத்திட்டியே? நான் நல்லதுதானடி சொன்னேன்!"

"பாத்ரூம் போனியா?"

"போனேன்."

"யாரைக் கேட்ட?"

அம்மா யோசித்தாள். "யாரையும் கேக்கலியே" என்றாள்.

"அப்ப யாருக்கும் நன்றி சொல்லாத. சோத்தத் தின்னு."