பெரியவர்கள் நிற்கும்போது

விமானப் பணிப்பெண்களுக்கு ஒரு விதி உண்டு. விமானம் குலுங்கத் தொடங்கி, பணியாளர்கள் உட்காரவேண்டும் என்று கேப்டன் அறிவித்துவிட்டால், சாமியே வந்து தண்ணீர் கேட்டாலும் எழக்கூடாது. லக்ஷ்மிப்ரியாவும் நானும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதைப் பாடமே நடத்தியிருக்கிறோம். அவள் என்னைவிட நன்றாக நடத்துவாள்.

ஆனால் அன்று சாமியைவிடப் பெரிய ஆள் ஒருவர் முன்வரிசையில் இருந்தார். நாச்சம்மை ஆச்சி. அடுத்த மாதம் ப்ரியாவுக்கு மாமியாராகப் போகிறவர். பினாங்கில் தைப்பூசம் முடித்து, மகன் அர்ஜுனோடு ஜொகூரிலுள்ள செனாய்க்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.

அவர்கள் வீட்டில் பெரியவர்கள் நின்றால் மருமகள் உட்காரக்கூடாது. கோயிலில், விருந்தில், வீட்டுக் கூடத்தில், எங்கேயும். ஆகாயத்துக்கு விலக்கு உண்டா என்று யாரும் கேட்டு வைக்கவில்லை.

ஜொகூருக்குள் நுழைந்ததும் மழைமேகம் பிடித்துக்கொண்டது. கேப்டன் அறிவித்தார். நாங்கள் இருவரும் பயணிகளைப் பார்த்தபடி இருந்த எங்கள் இருக்கையில் பெல்ட்டைப் பூட்டிக்கொண்டோம். அதற்காகவே காத்திருந்ததுபோல் ஆச்சி எழுந்து, தலைக்கு மேலிருந்த பெட்டியைத் திறந்து துழாவினார்.

"அத்தை, உட்காருங்க!" என்று ப்ரியா கத்தினாள்.

"பஞ்சாமிர்தம் கவுந்துரும்மா, எடுத்து மடியில வச்சிக்கிறேன்." ஆச்சி திரும்பி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "நீ நல்லா உக்காந்துக்க."

அவ்வளவுதான். ப்ரியாவின் கை பெல்ட்டுக்குப் போனது.

"அலமாக், போவாத லா!" நான் பதறி அவள் கையைப் பிடித்தேன்.

"அவங்க நிக்கிறாங்க, ஷாமளா." உதறிவிட்டுப் போய்விட்டாள்.

பக்கத்திலேயே இருந்த மாப்பிள்ளை அம்மாவின் சேலையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்திருந்தால் போதும். பாவம், காதில் ஹெட்போன். போனில் படம் முக்கியமான கட்டத்தில் இருந்திருக்கும்.

ப்ரியா ஆச்சியைத் தோளில் அழுத்தி உட்காரவைத்து, பெல்ட்டையும் பூட்டினாள். நிமிர்வதற்குள் விமானம் சடாரென்று கீழே இறங்கியது. அவள் தலை கூரையில் மோதியது. விழுந்தபோது கால் இருக்கைக்கு அடியில் மாட்டி மடங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பஞ்சாமிர்தம் ஒரு சொட்டு சிந்தவில்லை. முருகன் தன் சொத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் ஜொகூர் பாரு மருத்துவமனைக்கு ஆச்சி ஒரு பை ஆப்பிளோடு வந்தார். கணுக்காலுக்குள் தகடு வைத்துத் தைத்து, ப்ரியாவைப் படுக்கவைத்திருந்தார்கள்.

"இத்தன வருஷமா பறக்கிறா, நிக்கத் தெரியலியே," என்று ஆச்சி என்னிடம் வருத்தப்பட்டார். "நல்லவேள, நான் அப்ப உக்காந்திருந்தேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தை அடக்கி, ஆப்பிள் பையை வாங்கி மேசைமேல் வைத்தேன். சிநேகிதியின் கல்யாணம் என் வாயால் கெடவேண்டாமே.

அர்ஜுன் கவலையோடு டாக்டரிடம் கேட்டார். "கல்யாணத்துக்குள்ள நொண்டாம நடந்துருவாங்களா, டாக்டர்? நெறைய பேர் வருவாங்க, போட்டோலாம் எடுப்பாங்க."

வலிக்கிறதா என்று அந்த வீட்டார் ஒருவரும் அவளிடம் அதுவரை கேட்கவில்லை.

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் ப்ரியா சொன்னாள்: "நல்லாவே நடப்பேன், அர்ஜுன். உங்க வீட்டுக்கு மட்டும் நடந்து வர மாட்டேன்."