வாகைமலைச் சுனையும் என் தலைச்சுற்றும்

எங்கள் வீட்டு ஹோலில் சுவாமிப் படத்துக்கு அடுத்தபடி பெரிய படம் ஒரு ஏரியின் படம்தான். சுவிஸ் நாட்டு மலை ஒன்றின் உச்சியில் நீலத் தண்ணீர், சுற்றிவர மஞ்சளும் ஊதாவுமாகப் பூ. என் புருஷன் உதயரூபன் அங்கே வேலையில் இருந்தபோது, எங்களுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நாட்களில் போனில் அனுப்பியது. 'இங்க கோடை' என்று மட்டும் எழுதியிருந்தார். மிச்சத்தை நானே எழுதிக்கொண்டேன்.

"எங்கட அவர் நடந்து ஏறிப் போன இடம்" என்று வீட்டுக்கு வந்த எல்லாருக்கும் காட்டினேன். எட்டு மணித்தியால நடை என்றேன். ஆட்களைப் பொறுத்து அது பத்து மணித்தியாலமும் ஆகும். நான் சொல்லத் தொடங்கினாலே அவர் எழுந்து தேத்தண்ணி போடப் போய்விடுவார். நிறைகுடம் தளம்பாது என்று அதற்கும் ஒரு பழமொழியை எடுத்து விட்டேன்.

எனக்குப் பெருமைப்பட வேறு என்ன இருந்தது? கல்யாணம் முடித்து நாலு வருசம், பிள்ளை இல்லை. தங்கச்சி நிருஷா எனக்குப் பிறகு முடித்தவள். அவளுடைய மகனுக்கு முப்பத்தோராம் நாள் தீட்டுக் கழித்து தொட்டிலில் போட்ட அன்று, அம்மா என் தோளில் கை வைத்து, "மகள், பாயாசம் அடிப்பிடிக்கும், கொஞ்சம் பாத்துக்க" என்று குசினிக்கு அனுப்பினா. பாயாசம் அடுப்பிலிருந்து இறக்கி வெகுநேரம் ஆகியிருந்தது. ஆறிப்போன பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் தாலாட்டைக் கேட்டேன். அம்மாவில் பிழை இல்லை. நாலு பேர் நாலு விதமாகப் பேசுவதற்கு முன்னால் என்னை மறைத்துவிட்டா, அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போதுதான் நிருஷாவின் புருஷன் வினோஜன் வாகைமலையைப் பற்றிச் சொன்னான். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் வட்டை எல்லாம் தாண்டி, காட்டுக்குள்ளே இருக்கிற கல்மலை. உச்சியில் ஒரு சுனை, சின்னக் குளம் அளவு. மாரி முடிந்து வெயில் ஏறத் தொடங்கும்போது சுனையைச் சுற்றிக் கல்லே தெரியாமல் பூக்குமாம். போன வருடம் நண்பர்களோடு போனபோது எடுத்த படத்தைக் காட்டினான்.

"அத்தான்ட சுவிஸ் ஏரி மாதிரியே இரிக்கு!" என்றாள் நிருஷா.

அவ்வளவுதான், நான் பிடித்துக்கொண்டேன். போக வேண்டும், அவர்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு ஏற வேண்டும். உதயன் முதலில் முழங்கால் நோ என்றார். பிறகு யானை என்றார். பிறகு எங்கள் கடைக்குச் சாமான் வருகிற நாள் என்றார். எனக்குக் கோபம் வந்தது. "சுவிஸில ஏறின மனிசனுக்கு இது ஒரு மலையா?" என்று தங்கச்சிக்கு முன்னாலேயே கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், வினோஜனைப் பார்த்தார், "ஓம், போவம்" என்றார்.

பங்குனிக் கடைசி ஞாயிறு, விடியச் சித்தாண்டியிலிருந்து இரண்டு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். குழந்தையை அம்மா வைத்துக்கொண்டா. வட்டையில் வெட்டு முடிந்து, வைக்கோல் கிடந்தது. காடு தொடங்கும் இடத்தில் ஒரு மாட்டுப்பட்டிக்காரரிடம் சைக்கிள்களை விட்டுவிட்டு நடந்தோம். காலையில் போட்ட யானை லத்தி வழியெல்லாம் கிடந்தது. வினோஜன் அதைக் காலால் புரட்டிப் பார்த்து, "சூடு ஆறிட்டு, பயமில்ல" என்றான். நான் வழிநெடுக வாய் ஓயவில்லை. மலைக்கு எப்படி மூச்சு விட வேண்டும், காலை எப்படி வைக்க வேண்டும் என்று உதயன் சொன்னதாக நானே சொல்லிக்கொண்டு போனேன். அவர் தண்ணீர்ப் போத்தலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். மரத்துக்குள் நடக்கும்வரை ஒரு குறையும் இல்லை.

மரம் முடிந்து கல் தொடங்கியது. படுத்த யானையின் முதுகு மாதிரி வழவழவென்ற சரிவு. பிடிக்க ஒரு செடிகூட இல்லை. பயங்கரமான சரிவு என்று சொல்லமுடியாது. எப்போதும் சேலை கட்டுகிற நிருஷா அன்றைக்குச் சுடிதார் போட்டிருந்தாள், ஆடு மாதிரி ஏறிப் போய்விட்டாள். வினோஜனும் பின்னால் போனான். நான் பாதியில் நின்று திரும்பிப் பார்த்தேன். உதயன் எனக்குக் கொஞ்சம் கீழே, நாலு காலில், கல்லோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு கிடந்தார்.

"என்ன, வழுக்கினதா?"

இறங்கிப் போய்ப் பக்கத்தில் குந்தினேன். கண்ணை மூடியிருந்தார். வேர்வை மூக்கு நுனியிலிருந்து கல்லில் சொட்டியது.

"கஜானி, எனக்கு ஏலா. மேலயும் ஏலா, கீழயும் ஏலா."

"விளையாடாதீங்க. அவங்க பாக்காங்க."

"அந்தப் படம் நான் எடுத்ததில்ல. எங்கட ஹோட்டல்ல சமைக்கிற வெள்ளைக்காரன் எடுத்தது. நான் கோப்பை கழுவினனான். ஒரு நாளும் மேல போனதில்ல. எனக்கு உயரம் எண்டா சின்னனில இருந்தே பயம். ஏணியில ஏறமாட்டன், உனக்குத் தெரியாதா?"

தெரியும். நாலு வருசமாக வீட்டில் பல்ப் மாற்றுவது நான்தான். ஓடு மாற்ற ஆள் பிடிப்பதும் நான்தான். அதையெல்லாம் சோம்பல் என்று திட்டினேனே ஒழிய, ஹோலில் தொங்கும் படத்தோடு ஒரு தடவையும் சேர்த்துப் பார்க்கவில்லை. எனக்கு முகம் எரிந்தது. அவர்மேல் இரக்கம் வந்தது என்று சொன்னால் அது பொய். ஊரெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கப் போகிறது என்ற வெட்கம்தான் முதலில் வந்தது.

மேலே இருந்து வினோஜன் கூப்பிட்டான். "அண்ணன்! என்ன, பிரச்சினையா?"

உதயன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. வாயில் வந்ததைக் கத்தினேன்.

"அவருக்கு ஒண்டுமில்ல! எனக்குத்தான் தலை சுத்துது! அவர் என்னைப் புடிச்சிட்டு நிக்கார்!"

யார் யாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று மேலே இருந்து பார்த்தால் தெரியாது. நல்ல பொய் என்று ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணம் நிருஷாவின் சத்தம் மலை முழுக்கக் கேட்டது.

"அக்கா! தலை சுத்துதா? வயித்தப் புரட்டிச் சத்தி வருதா?"

அவள் ஓடி வந்தாள். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணுக்குள் பார்த்து, சிரித்து, அழுது, என்னவெல்லாமோ செய்தாள். கல்யாணமான பொம்பிளைக்குத் தலை சுற்றினால் எங்கள் ஊரில் டொக்டர் தேவையில்லை. எல்லாருமே டொக்டர்தான்.

"இப்பதான் விளங்குது! இந்த மலைக்குப் போகணும் எண்டு அக்கா ஏன் ஒற்றைக்கால்ல நிண்டா? புள்ளத்தாச்சி ஆசை! வினோ, இது ஆசைப்பட்ட இடம். காட்டாமக் கூட்டிப் போகக்கூடாது!"

"இல்ல நிருஷா, அப்படி ஒண்டும்…"

"முதல்ல எல்லாரும் இப்படித்தான் சொல்ற. நானும் சொன்னனான்."

உதயனை மூச்சு வாங்க அங்கேயே இருக்கச் சொன்னாள். பாவம், மனிசன் மனைவியைத் தாங்கிக் களைத்துப்போனாராம். என்னை ஒரு பக்கம் அவளும் ஒரு பக்கம் வினோஜனும் பிடித்து, பால் நிறைந்த சட்டியைக் கொண்டுபோகிற மாதிரி மேலே கொண்டுபோனார்கள். ஒவ்வொரு அடிக்கும் "மெல்ல, மெல்ல" என்றார்கள். நாலு வருசத்தில் யாரும் என்னை அப்படிப் பிடித்ததில்லை. அந்தப் பிடி எனக்கு நன்றாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். வாயைத் திறக்காமல் நடந்தேன்.

சுனை வினோஜனின் படத்தைவிட அழகாக இருந்தது. தெளிந்த தண்ணீர், அடியில் கிடக்கிற கல்லெல்லாம் தெரிந்தது. ஓரம் முழுக்க விரல்நகம் அளவு ஊதாப் பூ, அதற்குள்ளே மஞ்சள் பூ, கால் வைக்க இடம் இல்லாமல். தும்பிகள் பறந்தன. தூரத்தில், காட்டுக்கும் வயலுக்கும் அப்பால் வாவி வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. இதைப் பார்க்கத்தான் வந்தேன், பார்க்கவே முடியவில்லை. ஒரு பூவைக்கூடக் குனிந்து தொட வெட்கமாக இருந்தது. இல்லாத பிள்ளையின் பேரில் பெற்றுக்கொண்ட மரியாதை என் உடம்பெல்லாம் அரித்தது.

சொல்லிவிடலாம் என்று திரும்பினேன். நிருஷா போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். கீழே எங்கும் இல்லாத சிக்னல் அந்த உச்சியில் இருந்தது. ஏறி வந்த உடனேயே அவள் சொல்லிவிட்டாளாம், அரை மணித்தியாலம் கழித்து அம்மாதான் இப்போது திருப்பி எடுத்திருந்தா. போனைச் சத்தமாகப் போட்டு என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மகள்," என்றா அம்மா. பிறகு அழுதா. எங்கள் அம்மா சீதேவிப்பிள்ளை, அப்பா செத்த வீட்டிலேயே வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கிடைத்ததா என்று பார்த்துக்கொண்டு நின்றவ, இப்போது சத்தம் போட்டு அழுதா. "அண்டைக்கு உன்னைக் குசினிக்கு அனுப்பினன், புள்ள. அதுக்குப் பிறகு எனக்கு ஒழுங்கா நித்திரை இல்ல. முருகன் கண்ணத் திறந்திட்டான். கல்லுல நிக்காத, இரி. கவனமா இரி."

"அம்மா," என்றேன். உண்மையைச் சொல்வதற்குள் நிருஷா ஒரு கொத்துப் பூவைப் பிடுங்கி என் கொண்டையில் செருகினாள்.

அப்போதுதான் கல்லில் ஏதோ தேய்கிற சத்தம் கேட்டது. சரிவின் விளிம்பில் முதலில் ஒரு கை தெரிந்தது, பிறகு உதயனின் தலை. நாலு காலில் வந்தார். காற்சட்டை முழங்காலில் கிழிந்து இரத்தம் கசிந்தது. முகத்தில் இரத்தமே இல்லை. விளிம்பைத் தாண்டியும் எழும்பவில்லை. பூவுக்கு மேலாகத் தவழ்ந்து எங்களிடம் வந்து, அண்ணாந்து, கையை நீட்டினார்.

"போனை இங்க தா, நிருஷா."

வினோஜன் சிரிக்கப் பார்த்தான். முகத்தைக் கண்டுவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

"மாமி, நான் உதயன். கஜானிக்குத் தலை சுத்தினதில்ல. எனக்குத்தான் மலையில ஏறப் பயம் வந்து பாதியில கிடந்தன். என்னைக் காப்பாத்தத்தான் அவ அப்படிச் சொன்னவ. புள்ள கிள்ள ஒண்டும் இல்ல. சுவிஸிலயும் நான் மலை ஏறினதில்ல, மாமி. எல்லாம் பொய்."

நிருஷாவின் கை என் தோளிலிருந்து இறங்கியது. வினோஜன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். போனில் குழந்தை சிணுங்கியது, அம்மா அதைத் தட்டிக்கொடுப்பது கேட்டது.

"மனே," என்று மருமகனைக் கூப்பிட்டா அம்மா. "அப்ப அந்த மலையில இரிந்து உங்களுக்கு இறங்கேலுமா?"

உதயன் இதை எதிர்பார்க்கவில்லை. "ஏலா, மாமி."

"பாத்து இறங்குங்க. கஜானிட கையப் புடிச்சிக்கங்க. அவகிட்டக் குடுங்க."

போனை வாங்கினேன். "அம்மா, நான் வேணுமெண்டு சொல்லல்ல."

"எனக்கு விளங்குது, மகள்." அம்மாவின் குரல் பழைய குரலாகிவிட்டது. "நான்தான் அவசரப்பட்டுப் போனன். நிருஷா சொன்ன உடன முன்வீட்டுக்கும் கோயிலடி மாமிட வீட்டுக்கும் போய்ச் சொல்லிப்போட்டன். சீனி வேற குடுத்திட்டன். அது பறவாயில்ல, நான் போய்ச் சொல்றன்."

கோயிலடி மாமி யார் என்று எனக்குத் தெரியும். தொட்டில் போட்ட அன்று, குசினி வாசலில் வந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனவ. அந்த வீட்டுக்குச் சீனிப் பேணியோடு தலை நிமிர்ந்து போன அம்மா, இனி அதே படலையைத் திறந்து, இல்லையாம் என்று சொல்ல வேண்டும். நாலு வருசமாக நான் பட்டதெல்லாம் ஒரு வெட்கமே இல்லை என்று அப்போது தெரிந்தது.

"அம்மா, நீங்க போகாதீங்க. நான் சொன்ன பொய், நான் வந்து சொல்றன்."

"நீங்க வந்து சேரப் பொழுது பட்டிரும், புள்ள. அதுக்குள்ள இந்தக் கதை ஊர் முழுக்கப் போயிரும்," என்றா அம்மா. "குழந்தையத் தூக்கிட்டு இப்பவே போறன்."