வாய்விட்டுப் படிக்க வேண்டிய சொல்

அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் இருவர் சேர்ந்து சரிபார்ப்பது கிராக்கோவ் அகராதி அலுவலகத்தின் வழக்கம். ஒருவர் வாய்விட்டுப் படிப்பார், மற்றவர் மூலத்தோடு ஒத்துப்பார்ப்பார். அன்று படிக்கும் முறை லுத்மிவாவுடையது. போலிஷ் சொற்களின் வேரைத் தேடும் அந்த அகராதியில் அடுத்த சொல் ‘வ்தோவா’. கணவனை இழந்தவள். கணவர் லெஷெக் போய் நான்கு மாதமாகியும் அந்தச் சொல்லை அவள் தன் வாயால் சொன்னதில்லை. வங்கியில் கேட்டபோதுகூட, ஏதோ கடைக்குப் போயிருப்பவரைப் போல, "அவர் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

எதிரே செவெரின் தேநீரில் எலுமிச்சைத் துண்டைப் போட்டு வெகுநேரம் கலக்கிக்கொண்டிருந்தார். அங்கே பெண்ணைப் ‘பானி’ என்றும் ஆணைப் ‘பான்’ என்றும் மரியாதையாக அழைப்பார்கள்.

"பானி லுத்மிவா, இந்தப் பக்கத்த நான் படிச்சிடறேனே. தொண்டை சும்மாதான கெடக்கு."

"உங்க தொண்டைய நேத்தே கேட்டாச்சு, பான் செவெரின். தவளையே தேவல. குடுங்க இங்க."

வீறாப்பாக வாங்கிவிட்டாளே தவிர, அந்தச் சொல் நிற்கும் மேல்வரியிலிருந்து தொடங்கத் துணிவில்லை. அடிவரியிலிருந்து, சொல்லின் ஆதி வடிவத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள். முறைப்படி அது தவறு. செவெரின் மூலத்தில் தன் விரலை அடிவரிக்கு நகர்த்திக்கொண்டார்.

"சமஸ்கிருதம், விதவா." அது வெகுதூரத்தில் யாரோ ஒருத்தி. "லத்தீன், விதுவா. பழம் பிரஷ்யம், வித்தெவூ." ஒவ்வொருத்தியாகக் கிட்டே வந்தார்கள். "பழைய ஸ்லாவியம், விதோவா." எத்தனையோ சொற்கள் அடையாளமே தெரியாமல் தேய்ந்துபோனதை அவள் பார்த்திருக்கிறாள். இது மட்டும் அதிகம் தேயவில்லை. எந்தத் தலைமுறைக்கும் இது தேவைப்படாமல் இருந்ததில்லை போலும். முதல்முறை இதைச் சொல்ல நாக்கு எழாமல் எத்தனை பேர் நின்றிருப்பார்கள்! அவர்களெல்லாம் தன் முதுகுக்குப் பின்னால் நிற்பதாகத் தோன்றியதும் அவளுக்கு அழுகை வந்தது, கூடவே கொஞ்சம் தெம்பும்.

"போலிஷ்," என்றாள். மூச்சை இழுத்துக்கொண்டாள். "வ்தோவா."

"சரியா இருக்கு," என்றார் செவெரின் மெல்ல. அவர் மனைவி இறந்து பல வருடமாகிறது. "அடுத்தது என் சொல்லு. பொண்டாட்டிய பறிகொடுத்தவன். பாத்தீங்களா, தனியா ஒரு வேரு கெடயாது. ‘மேலுள்ள சொல்லிலிருந்து வந்தது’, அவ்ளோதான். இதுலயும் பொம்பளைங்க தயவுதான் எங்களுக்கு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

பிறகு வலக்கையிலிருந்த கல்யாண மோதிரத்தைத் திருகிக் கழற்றினாள். ஊர் வழக்கப்படி, புருஷன் போனபின் அது இடக்கையில்தான் இருக்க வேண்டும் என்று நாத்தனார் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். இடது விரல் மூட்டில் மோதிரம் சிக்கியது. செவெரின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். லுத்மிவா விரலை வாயில் வைத்து ஈரமாக்கி, மறுபடியும் மெதுவாகத் தள்ளினாள்.