நான்கு டிகிரி வீடு

விதை ஆய்வு நிலையத்துக்காரரும் அவர் மனைவியும் பேச்சை நிறுத்திய மூன்றாம் நாள், அவர்கள் வீட்டுக்குள் மட்டும் வெப்பநிலை நான்கு டிகிரிக்கு இறங்கியது. வெளியே தெருவில் தார் இளகிக்கொண்டிருந்தது. சண்டைக்குப் பெரிய காரணம் இல்லை என்பது அவர் கட்சி. மாமனாரை அடக்கம் செய்த அன்று நிலையத்தில் மொட்டுகளை எண்ணப் போய்விட்டு எல்லாம் முடிந்தபின் வந்தார், அவ்வளவுதான். மனைவி வீட்டில் துணி தைப்பவள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, விரல்களை ஊதி ஊதித் தைத்தாள். அக்கம்பக்கத்தார் முதலில் வாயைப் பிளந்தார்கள். பிறகு மிஞ்சிய பாலையும் மீனையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். வீடு இப்படிப் பயன்பட்டதால் சமாதானம் பேச ஒருவரும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து நிலையத்தின் குளிர் அறை பழுதானது. அதில் ஒரே இனச் செடியின் மூன்று வகைகள் இருந்தன. மரபணுவில் துளி வேறுபாடுதான், ஆனால் குணம் வேறு. முதல் வகைக்குக் குளிரே வேண்டாம். இரண்டாவது, ஆறு வாரம் குளிர் பட்டால் பூக்கும். மலையிலிருந்து வந்த மூன்றாவதற்குப் பன்னிரண்டு வாரம் வேண்டும். நடுவில் சூடு பட்டால் அதுவரை பட்ட குளிரை மறந்துவிட்டு முதலிலிருந்து கேட்கும். மின்வெட்டில் குளிர் அறை அடிக்கடி நின்றுபோனதால் பதினான்கு வருடமாக அவர் அதன் பூவைப் பார்த்ததில்லை. மலை வகைத் தட்டுகளைத் தூக்கிவந்து கூடத்தில் அடுக்கினார்.

பத்தாவது வாரம் மனைவி டீயோடு வந்து நின்றாள்.

"போதுங்க, எனக்கே அலுத்துப்போச்சு. அப்பாவைப் பத்தி ஒரு வார்த்தை கேளுங்க, நான் விட்டுடறேன்."

அவள் நின்ற இடத்தில் தரை வெதுவெதுப்பானது. சுவரிலிருந்த வெப்பமானி ஐந்தைக் காட்டியது, ஆறைக் காட்டியது. அவர் திரும்பித் தட்டுகளைப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டே வாரம் பொறுத்துக்க. அப்புறம் என்ன வேணாலும் பேசலாம்."

வெப்பமானி நான்குக்குத் திரும்பியது. அவர் நிம்மதியாக மூச்சுவிட்டார். அத்தனை படித்த மனுஷனுக்கு அந்த நிம்மதி எப்படித்தான் வந்ததோ தெரியவில்லை. டீ மேஜைமேல் ஆறி, ஆடை படியத் தொடங்கியது.

பன்னிரண்டு வாரம் முடிந்து தட்டுகள் நிலையத்து வெயிலுக்குப் போயின. இருபதாம் நாள் மலை வகை பூத்தது. வெள்ளையாக, எள்ளளவு பூ. புகைப்படம் எடுத்தார்கள், கை குலுக்கினார்கள். அவர் ஒரு காம்பைக் கிள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்து தையல் மிஷின்மேல் வைத்தார். மாமனார் கடைசி நாட்களில் எப்படி இருந்தார் என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ஒவ்வொரு செடிக்கும் எத்தனை வாரம்னு தெரிஞ்சு வெச்சிருந்தீங்க," என்றாள்.

அன்று வெப்பமானி இரண்டுக்கு இறங்கி அங்கேயே நின்றது. குளிர் அறையைப் பழுது பார்ப்பது வீண் செலவு என்று நிலையத்தில் முடிவெடுத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை அறுபது தட்டுகள் வீட்டுக்கு வந்து இறங்கின. அவள் எழுந்து, தையல் மிஷினைச் சுவரோரம் நகர்த்தி இடம் விட்டாள்.